தலையில் காந்தம், கண்ணில் கடற்கரை

மனச்சோர்வுக்கு இரண்டு மூன்று மருந்துகளை மாற்றிப் பார்த்தும் தேறாதவர்களிடம் மருத்துவர்கள் இப்போது சொல்லும் வழிகளில் ஒன்று டி.எம்.எஸ். எனப்படும் காந்தத் தூண்டல். மண்டையைத் திறப்பதில்லை, மயக்க மருந்தும் கொடுப்பதில்லை. தலையின் இடது முன்பக்கத்தில் எட்டு வடிவக் கம்பிச்சுருள் ஒன்றை ஒட்டிவைத்து, அதில் விட்டுவிட்டு மின்சாரம் பாய்ச்சுவார்கள். சுருளில் எழும் காந்தப்புலம் எலும்பைக் கடந்து போய் மூளைப் புறணியின் சிறு பகுதி ஒன்றைத் தூண்டிவிடும். 1985இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஆந்தனி பார்க்கரும் சகாக்களும் செய்துகாட்டிய உத்தி இது. 2008இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு மனச்சோர்வுக்கு இதை அனுமதித்தது. ஹைதராபாத்தின் தனியார் மனநல மையங்களில் இன்று இதற்கான நாற்காலியைப் பார்க்கலாம்.

நாற்காலியில் உட்காருபவருக்கு ஒரு வி.ஆர். (மெய்நிகர்) ஹெட்செட்டையும் மாட்டிவிடலாமே என்பது அடுத்து எழுந்திருக்கும் யோசனை. தலையைக் காந்தம் தட்டிக்கொண்டிருக்க, கண்ணெதிரே அலையடிக்கும் கடற்கரை, பனி பொழியும் காடு, மீன்கள் நீந்தும் ஆழம். ஹைதராபாத்துக்கு இந்த யோசனை நன்றாகவே பொருந்தும். மருந்துத் தொழிலும் மென்பொருளும் சினிமா வரைகலையும் ஒன்றையொன்று உரசிக்கொண்டு வளர்ந்த ஊர் அது. ‘பாகுபலி’யின் மகிழ்மதியைக் கணினியில் எழுப்பியவர்களில் பலர் அங்கே வேலை செய்தவர்கள். ராய்துர்க்கத்தில் 2022இல் திறந்த டி-ஹப் கட்டடம் முழுக்கப் புதுத்தொழில் முனைவோர். நாளைக்கே ஒரு நிறுவனம் ‘வலியில்லாச் சிகிச்சை’ என்று ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு மருத்துவமனை வாசலில் வந்து நிற்கக்கூடும். அது வருவதற்கு முன்பே எடைபோட்டு வைத்துக்கொள்வது நல்லது.

யோசனைக்குப் பின்னால் இருக்கும் வாதம் இது: காந்தம் தட்டும்போது வலிக்கிறது. கவனத்தை வேறெங்காவது திருப்பினால் வலி குறையும். வலி குறைந்தால் நோயாளி சிகிச்சையைப் பாதியில் விடமாட்டார். பாதியில் விடாதவர் தேறுவார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. இந்தச் சங்கிலியைக் கண்ணி கண்ணியாக இழுத்துப் பார்த்தால்தான் எது தாங்கும், எது அறும் என்று தெரியும்.

வலி பொய்யில்லை. காந்தப்புலம் மூளைக்குப் போகும் வழியில் நெற்றித் தசைகளையும் முகத்துக்கு உணர்வு தரும் நரம்பின் கிளைகளையும் சேர்த்தே தூண்டிவிடுகிறது. புருவம் துடிக்கும். தாடை இழுக்கும். சிலருக்குப் பல் கூசும். மரங்கொத்தி ஒரே இடத்தில் கொத்துவது போல் இருக்கிறது என்பார்கள். ஒவ்வொரு துடிப்புக்கும் சுருள் ‘டக் டக்’கென்று அடிக்கும் சத்தம் வேறு, காதடைப்பான் இல்லாமல் உட்கார விடக்கூடாது என்பது விதி. கனடாவில் 414 நோயாளிகளை வைத்து நடந்து 2018இல் ‘லான்செட்’ இதழில் வந்த பெரிய ஆய்வில், ஏறக்குறைய மூன்றில் இரண்டு பேருக்குத் தலைவலி வந்தது. ஆனால் அதே ஆய்வில் வலிக்கு மதிப்பெண் போடச் சொன்னபோது, பத்துக்குச் சராசரியாக 3.4 முதல் 3.8 வரைதான் கொடுத்தார்கள். எரிச்சலூட்டும் அளவு, தாங்க முடியாத அளவு இல்லை. அதுவும் பலருக்கு முதல் வாரத்தோடு தணிந்துவிடுகிறது. தூண்டலைக் குறைந்த விசையில் தொடங்கி மெல்ல ஏற்றுவது, சுருளைக் கொஞ்சம் சாய்த்து வைப்பது என்று கைப்பழக்கத்தாலேயே சரிசெய்யக்கூடிய பங்கும் இதில் நிறைய உண்டு. ஹெட்செட்டுக்குப் பணம் ஒதுக்குவதற்கு முன் டெக்னீஷியனுக்கு நல்ல பயிற்சி கொடுத்திருக்கிறோமா என்று மருத்துவமனை தன்னைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

கவனத்தைத் திருப்பினால் வலி குறையும் என்பது சங்கிலியிலேயே உறுதியான கண்ணி. அமெரிக்காவின் சியாட்டில் நகரத் தீக்காயப் பிரிவில் ஹண்டர் ஹாஃப்மனும் டேவிட் பேட்டர்சனும் 1990களிலேயே இதைத் தொடங்கினார்கள். தீக்காயத்துக்குக் கட்டு மாற்றும்போது வரும் வலி, மருத்துவத்தில் தெரிந்த கொடிய வலிகளில் ஒன்று. அந்த நேரத்தில் நோயாளியை மெய்நிகர் உலகத்துக்குள் அனுப்பிவிட்டால் வலி கணிசமாகக் குறைகிறது என்று அவர்கள் காட்டினார்கள். பனிப்பள்ளத்தாக்கில் பறந்துகொண்டே பனியுருண்டை எறியும் ‘ஸ்னோ வேர்ல்ட்’ இதற்கென்றே உருவான விளையாட்டு. 2000இல் வெளியான அவர்களுடைய ஆரம்பக் கட்டுரையில் நோயாளிகள் இரண்டே இரண்டு பதின்வயதினர். ஆனால் அந்தச் சிறிய கட்டுரையில் பெரிய நேர்மை ஒன்று இருந்தது. ஹெட்செட்டை வெறும் சுவரோடு ஒப்பிடாமல், சாதாரண நிண்டெண்டோ வீடியோ விளையாட்டோடு ஒப்பிட்டார்கள். அடுத்து வந்தவர்கள் எல்லோரும் அந்த நேர்மையைப் பின்பற்றவில்லை. ‘ஹெட்செட் போட்டால் நிம்மதி, போடாவிட்டால் நிம்மதி குறைவு’ என்று மட்டும் காட்டும் ஆய்விலிருந்து, அந்த நிம்மதி ஹெட்செட்டால் வந்ததா, ஒரு பழைய படத்தைப் போட்டிருந்தாலே வந்திருக்குமா என்பது விளங்காது.

பழைய படம் என்பதைக் கற்பனையாகச் சொல்லவில்லை. 2022 ஆகஸ்டில் செகந்திராபாத்தின் காந்தி அரசு மருத்துவமனையில் ஒரு பெண்மணிக்கு விழித்திருக்கும் நிலையிலேயே மூளைக்கட்டியை அகற்றினார்கள். அப்போது சிறு திரை ஒன்றில் அவர் பார்த்துக்கொண்டிருந்தது சிரஞ்சீவியின் ‘அடவி தொங்க’, 1985இல் வந்த படம். ஆந்திரத்தின் குண்டூரில் சில ஆண்டுகளுக்கு முன்பே ‘பாகுபலி’ ஓடிக்கொண்டிருக்க இதே வகை அறுவை நடந்திருந்தது. தொலைக்காட்சிகள் இவற்றை வேடிக்கைச் செய்தியாக்கி முடித்துவிட்டன. எனக்கு இவை நோயாளி நிம்மதியைப் பற்றிய மிகத் தெளிவான இந்திய உதாரணங்களாகப் படுகின்றன. படத்துக்கு அங்கே இரண்டு வேலை இருந்தது. நோயாளியின் பயத்தைக் குறைத்தது ஒன்று. அவர் விழித்திருந்து பேசுகிறாரா, சொல் குழறுகிறதா என்று அறுவை நிபுணர்கள் நொடிக்கு நொடி அறிய உதவியது மற்றது. அங்கே நிம்மதிக்கான ஏற்பாடும் கண்காணிப்பும் ஒன்றுக்கொன்று உதவின. படமும் நோயாளியின் மனத்தில் ஏற்கெனவே குடியிருந்த படம். யாரோ ஒரு வடிவமைப்பாளர் ‘அமைதி தரும்’ என்று நினைத்து வரைந்த ஃபின்லாந்துக் காடு இல்லை. செகந்திராபாத்தின் பத்மாராவ் நகரில் மூன்று தலைமுறையாக வாழும் தமிழ்ப் பாட்டிக்கு அந்தக் காட்டைவிட ஒரு சிவாஜி படம் உதவியிருக்கும் என்பதற்கு ஆய்வு தேவைப்படாது என்றுகூடச் சொல்லிவிடுவேன். ஆனால் அதற்கும் ஆய்வு தேவைதான்.

இந்தக் கண்ணியில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. தீக்காயக்காரருக்கு உடம்பு வலிக்கிறது. உலகம் பழையபடி இனிக்கத்தான் செய்கிறது. மனச்சோர்வோ எதிலும் மனம் ஒட்டாத நோய். பிடித்த பாட்டு பிடிக்காமல் போவதும், பேரக்குழந்தையைத் தூக்கினாலும் உள்ளே ஒன்றும் அசையாமல் இருப்பதும் அதன் முதன்மை அறிகுறிகளில் சேரும். அப்படிப்பட்டவரின் கண்முன் அழகான சூரிய அஸ்தமனத்தை விரித்தால் என்ன ஆகும்? சிலருக்கு ஆறுதல். சிலருக்கு, ‘எல்லோருக்கும் அழகாகத் தெரிவது எனக்கு மட்டும் ஏன் தெரியவில்லை’ என்ற பழைய குத்தல். தீக்காயத்தில் கிடைத்த முடிவை அப்படியே மனச்சோர்வுக்குக் கொண்டுவருபவர்கள் இந்த வித்தியாசத்தைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள்.

மூன்றாவது கண்ணியில்தான் சங்கிலி முதலில் அறுகிறது. வலி தாங்காமல் நோயாளிகள் பாதியில் ஓடுகிறார்களா? மேலே சொன்ன கனடிய ஆய்வில் இடையில் விட்டவர்கள் ஒரு குழுவில் 6 சதவீதம், இன்னொன்றில் 8 சதவீதம். நான்கிலிருந்து ஆறு வாரம், வாரம் ஐந்து நாள் வரவேண்டிய சிகிச்சைக்கு இது வியக்கத்தக்க குறைவு. அந்த ஆய்வின் உண்மையான சாதனை வேறு. அதுவரை ஒரு அமர்வுக்கு 37.5 நிமிடம் எடுத்த வேலையை, துடிப்புகளை வேறு தாளத்தில் கொத்துக்கொத்தாகச் செலுத்தி, மூன்றே நிமிடத்தில் முடிக்கலாம் என்று அது நிரூபித்தது. பலன் பழைய முறைக்குக் குறையவில்லை. இரு குழுவிலும் ஏறத்தாழப் பாதிப் பேர் நன்றாகத் தேறினார்கள். அரை மணி நேரத்துக்கு மேல் தட்டு வாங்குபவருக்கு ஒரு மெய்நிகர் உலகம் தேவைப்பட்டிருக்கலாம். மூன்று நிமிடத்துக்கு? ஹெட்செட்டைத் துடைத்து, வாரை இறுக்கி, காட்சி தெளிவாகிறதா என்று கேட்டு முடிப்பதற்குள் சிகிச்சையே முடிந்திருக்கும்.

ஹைதராபாத்தில் ஒரு மனச்சோர்வு நோயாளி டி.எம்.எஸ்.ஸை விடுவதற்கான காரணங்களை நேர்மையாகக் கேட்டால் வேறு பதில்கள் வரும். உப்பலிலிருந்தோ குகட்பள்ளியிலிருந்தோ தினமும் நகரின் போக்குவரத்தில் வந்துபோக வேண்டும். கூட வருபவர் வேலைக்கு லீவு போட வேண்டும். இருபது முப்பது அமர்வுக்கு ஆகும் செலவை, பெரும்பாலும் மருத்துவக் காப்பீட்டின் துணையில்லாமல், கைப்பணத்தில் கட்ட வேண்டும். படுக்கையைவிட்டு எழுவதே மலையாக இருக்கும் நோய்க்கு நாள்தவறாமல் வரச்சொல்வதுதான் இந்தச் சிகிச்சையின் பெரிய முரண். நாற்காலிக்கு வந்து சேர்ந்தபின் அங்கே எவ்வளவு சொகுசு என்பது அதற்கு அடுத்த கேள்வி.

இன்னும் ஒருபடி பின்னால் போனால், நாற்காலி வரை வருபவர்களே மிகச் சிலர். பெங்களூரு நிம்ஹான்ஸ் 2015–16இல் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பு, இந்தியரில் இருபது பேருக்கு ஒருவர் வாழ்நாளில் மனச்சோர்வை அனுபவிக்கிறார் என்றது. மனநோய்களில் நோயைப் பொறுத்து 70 முதல் 92 சதவீதம் பேர் சிகிச்சையே பெறுவதில்லை என்றும் சொன்னது. பன்னிரண்டு மாநிலங்களில் நடந்த அந்தக் கணக்கெடுப்பில் தமிழ்நாடு இருந்தது, தெலங்கானா இல்லை. தன் ஊரின் நோய்ச்சுமை எவ்வளவு என்று அளக்காமல், அளந்தவர்களின் எண்ணை வைத்து மதிப்பிட்டுக்கொண்டிருந்த நகரம், சிகிச்சை அறையின் அலங்காரத்தை முதலில் யோசிப்பது கொஞ்சம் தலைகீழ்தான்.

நான்காவது கண்ணிக்கு வருகிறேன். நிம்மதியாக உட்கார்ந்தவர் நன்றாகத் தேறுவாரா? இங்கே விஷயம் சுவாரசியமாகிறது. யோசனையைச் சொல்பவர்கள் அநேகமாகத் தொடாத இடமும் இதுதான். காந்தம் தட்டும் நேரத்தில் மூளை என்ன செய்துகொண்டிருக்கிறது என்பது சிகிச்சையின் பலனை மாற்றக்கூடும் என்பதற்கு நல்ல ஆதாரங்கள் உண்டு. சலனமற்ற மூளையைத் தூண்டுவதும் ஏதோ ஒன்றில் ஆழ்ந்திருக்கும் மூளையைத் தூண்டுவதும் ஒன்றில்லை. 2018இல் அமெரிக்காவில் எண்ணச்சுழற்சி நோய்க்கு அனுமதி பெற்ற ஆழ்-காந்தத் தூண்டல் முறையில், அமர்வு தொடங்கும் முன் நோயாளியின் அறிகுறியை வேண்டுமென்றே கிளறிவிடுகிறார்கள். அழுக்குப் பயம் உள்ளவரிடம் அழுக்கைப் பற்றிப் பேசி, அந்தச் சுற்று உயிர்த்தெழுந்த பின்தான் தூண்டுகிறார்கள். 2024இல் ‘ஜாமா சைக்கியாட்ரி’ இதழில் வந்த ஆய்வு இன்னும் நேரடியானது. போரின் நினைவுகளால் வதைபடும் 54 முன்னாள் படைவீரர்களுக்கு ஹெட்செட்டில் போர்க்களத்தையே காட்டினார்கள். அதே நேரத்தில் தலையில் மெல்லிய மின்தூண்டல். கூடவே தூண்டல் பெற்றவர்கள், பொய்த்தூண்டல் பெற்றவர்களைவிட அதிகம் தேறினார்கள். அந்த வீரர்களுக்கு ஹெட்செட் நிம்மதி தரவில்லை. அடக்கிவைத்த பயத்தை எழுப்பிவிட்டது. அந்தச் சங்கடத்தின் வழியாகத்தான் சிகிச்சை நடந்தது.

இதிலிருந்து ஒன்று தெளிவு. மூளையைத் தூண்டும்போது கண்ணில் என்ன ஓடுகிறது என்பதும் மருந்தின் அளவில் சேர்த்தி. கடற்கரையைக் காட்டினால் அந்தக் கடற்கரையும் சிகிச்சைக்குள் வந்துவிடுகிறது. அது பலனைக் கூட்டலாம், குறைக்கலாம், ஒன்றும் செய்யாமலும் போகலாம். மூன்றில் எது என்று காட்டாமல் ‘வெறும் சொகுசுக்குத்தானே’ என்று மாட்டிவிடுவது, மாத்திரையோடு பெயர் தெரியாத இன்னொரு மாத்திரையைச் சேர்த்துக் கொடுப்பதற்குச் சமம்.

நோயாளியின் வலியைக் குறைக்கும் வழியைச் சோதித்துப் பார்ப்பதில் ஹைதராபாத்துக்குப் பழைய கதை ஒன்று உண்டு. அங்கே சொல்ல வேண்டிய அளவுக்குச் சொல்லப்படாத கதை. 1880களில் அறுவை மேசையில் நோயாளியை வலியிலிருந்து காக்கப் பிரிட்டனிலும் இந்தியாவிலும் பலர் குளோரோஃபார்மை நம்பியிருந்தார்கள். ஆனால் மயங்கிய சிலர் திடீரென்று செத்துப்போனார்கள். எதைக் கவனித்துக்கொண்டிருந்தால் இந்தச் சாவைத் தடுக்கலாம் என்று சண்டை. லண்டன் பக்கம் நாடியைப் பார் என்றது. எடின்பரோ மரபில் வந்தவர்கள் மூச்சைப் பார், மூச்சு சரியாக இருந்தால் இதயம் தானாகப் பார்த்துக்கொள்ளும் என்றார்கள். ஹைதராபாத் ரெசிடென்சியின் மருத்துவரும் அங்கிருந்த மருத்துவப் பள்ளியின் தலைவருமான எட்வர்ட் லாரி, மூச்சுக் கட்சி. ஆறாம் நிஜாம் மெஹபூப் அலி கான் ஆதரவில் 1888இல் ஒரு குழு அமைத்து நாய்களில் சோதித்தார். தன் கட்சியே ஜெயித்தது என்றார். லண்டன் ‘லான்செட்’ அதை நம்ப மறுத்தது. நிஜாம் 1,000 பவுன் கொடுத்து, நீங்களே ஒருவரை அனுப்பிப் பாருங்கள் என்றார். 1889இல் லாடர் பிரண்டன் என்ற பெரிய மருந்தியல் நிபுணர் ஹைதராபாத்துக்கு வந்தார். நூற்றுக்கணக்கான விலங்குகளில் மறுபடியும் சோதனை. முடிவு: லாரி சொன்னது சரி, மூச்சே முதலில் நிற்கிறது.

அக்காலத்துக்கு அது அசாத்தியமான உழைப்பு. முடிவு மட்டும் தப்பு. 1911இல் குட்மன் லெவி, லேசான மயக்கத்தில் இருக்கும்போதே இதயத்தின் துடிப்பு தாறுமாறாகிச் சட்டென்று நின்றுவிடக்கூடும் என்று பூனைகளில் காட்டினார். மருந்து கூடிப்போனால் எது முதலில் நிற்கும் என்பதை ஹைதராபாத் குழு மிக நுணுக்கமாக அளந்திருந்தது. மேசையில் செத்தவர்களில் பலர் மருந்து கூடாமலே செத்தவர்கள். கேள்வி தவறியிருந்ததால் எத்தனை விலங்குகளைச் சேர்த்தும் பதில் நேராகவில்லை. (லாரியிடம் பயின்ற ரூபாபாய் பர்தூன்ஜி, உலகின் முதல் பெண் மயக்க மருத்துவர்களில் ஒருவராக மதிக்கப்படுகிறார். அந்தப் பெருமை மட்டும் எவராலும் பறிக்கப்படவில்லை.)

ஹெட்செட் விஷயத்திலும் கேள்வி தவறும் அபாயம் கண்முன் இருக்கிறது. அமர்வு முடிந்ததும் ‘எப்படி இருந்தது?’ என்று கேட்டால் பெரும்பாலானோர் ‘நல்லா இருந்தது’ என்பார்கள். கேட்பவர் வெள்ளைக்கோட்டு போட்டவர், பொருள் புதுசு, மூன்று வாரமாக வீட்டைவிட்டு வெளியே வராதவருக்கு யாரோ பிரியமாகக் கேட்டதே பெரிது. அந்த ‘நல்லா இருந்தது’களை ஆயிரம் சேர்த்தாலும் நோய் தணிந்ததா என்று தெரியாது.

குளோரோஃபார்ம் சண்டையின் மையமே எதைக் கவனிப்பது என்பதுதான். டி.எம்.எஸ். அறையில் கவனிக்க வேண்டியது முகம். இந்தச் சிகிச்சையில் மிக அரிதாக வலிப்பு வரக்கூடும். அதற்கு முன்னால் கண்ணில், வாயோரத்தில், கையில் தெரியும் சிறு அசைவுகளைப் பார்த்துத்தான் டெக்னீஷியன் நிறுத்துவார். ஹெட்செட் முகத்தின் மேல்பாதியை மூடிவிடுகிறது. கண் முழுக்க மறைந்துபோகிறது. வி.ஆர். கருவிகளின் எச்சரிக்கைத் தாளிலேயே ஏறக்குறைய 4,000 பேரில் ஒருவருக்கு ஒளிமின்னலால் கடும் தலைச்சுற்றலோ வலிப்போ வரக்கூடும் என்று அச்சிட்டிருப்பார்கள். வலிப்பை வரவழைக்கக்கூடிய இரண்டு பொருள்களை ஒரே தலையில் வைத்துவிட்டு, வலிப்பைக் கண்டுபிடிக்க உதவும் கண்ணையும் மூடிவிடுவது, நோயாளி நிம்மதி என்ற பெயரில் செய்யத் தகாத காரியம். காந்தி மருத்துவமனையின் சிறு திரை முகத்தைத் திறந்தே வைத்திருந்தது.

பொறியியல் சங்கடங்களும் சின்னவை இல்லை. ஹெட்செட்டின் வார் போகும் வழியில்தான் சுருள் உட்கார வேண்டும். காட்சியைப் பார்க்கத் தலையைத் திருப்பினால் சுருள் நகரும். நகர்ந்தால் தூண்டுவது வேறொரு இடம். காதடைப்பான் போட்டவருக்கு அலையோசை எப்படிக் கேட்கும்? வலுவான காந்தத் துடிப்புக்கு விரற்கடை தூரத்தில் ஒரு மின்னணுக் கருவியை வைப்பது சரியா என்பதை உற்பத்தியாளர்கள்தான் சோதித்துச் சொல்ல வேண்டும். திறமையான பொறியாளர்கள் இவை ஒவ்வொன்றையும் தீர்த்துவிடுவார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. தீர்க்க வேண்டியதுதானா என்பதுதான் சந்தேகம்.

மனச்சோர்வுச் சிகிச்சையில் நோயாளியின் துன்பம் உண்மையில் எப்போது குறைந்தது என்று வரலாற்றைக் கேட்டால் பதில் வேறு திசையில் இருக்கிறது. 1938இல் ரோம் நகரில் செர்லெட்டியும் பினியும் தொடங்கி, நம் ஊர்களில் ‘கரண்ட் வைக்கிறது’ என்று அறியப்பட்ட மின்னதிர்வுச் சிகிச்சை, பல பத்தாண்டுகள் மயக்கமருந்து இல்லாமலே கொடுக்கப்பட்டது. உடம்பு துள்ளி எலும்பு முறிந்ததும் உண்டு. சினிமா அந்தக் காட்சியை மட்டும் பிடித்துக்கொண்டது. மயக்கமருந்தும் தசைத் தளர்வு மருந்தும் சேர்ந்த பிறகு அது ஒரு சில நிமிடத் தூக்கமாகச் சுருங்கியது. இந்தியாவில் 2017ஆம் ஆண்டின் மனநலச் சட்டம், 95ஆம் பிரிவில், இவை இல்லாமல் மின்னதிர்வு கொடுப்பதையே தடைசெய்தது. 2018 மே 29 முதல் அது நடைமுறை. மின்னதிர்வில் அந்த மாற்றம், காந்தத் தூண்டலில் முப்பத்தேழரை நிமிடம் மூன்றாகச் சுருங்கியது. இரண்டிலும் துன்பம் குறைந்தது சிகிச்சையையே திருத்தியதால். சிகிச்சையை அப்படியே வைத்துக்கொண்டு நோயாளியின் கண்ணை மட்டும் வேறுபக்கம் திருப்பியதால் இல்லை. நான் ஹெட்செட்டின் மேல் வைக்கும் முக்கியமான ஆட்சேபம் இதுதான்.

ஆனால் எதிர்த்தரப்புக்கும் நியாயம் செய்ய வேண்டும். மெய்நிகர் உலகமே சிகிச்சையாகும் இடங்கள் இருக்கின்றன. உயரப் பயத்துக்கு 1995இலேயே பார்பரா ராத்பாம் அமெரிக்காவில் அதைப் பயன்படுத்தினார். மனச்சிதைவு வகை நோயால் வீட்டைவிட்டு வெளியே போகவே அஞ்சுபவர்களுக்கு ஆக்ஸ்ஃபோர்டின் டேனியல் ஃப்ரீமன் குழு 346 பேரை வைத்துச் செய்த சோதனை 2022இல் வெளியானது. மிக அதிகம் அஞ்சியவர்களுக்கே அதிகப் பலன். மனச்சோர்விலேயே, 2016இல் லண்டனில் 15 பேரை மெய்நிகர் உடம்பில் உட்காரவைத்து, அழும் குழந்தைக்கு ஆறுதல் சொல்லச் செய்து, பிறகு அந்த ஆறுதலை அந்தக் குழந்தையின் இடத்திலிருந்து அவர்களையே கேட்கவைத்தார்கள். ஒன்பது பேர் தணிந்ததாகச் சொன்னார்கள். ஒப்பிடக் குழு இல்லாத சிறிய ஆய்வுதான். ஆனாலும் யோசனை ஆழமானது. தன்னைத்தானே திட்டிக்கொள்ளும் நோய்க்கு, தன் குரலிலேயே ஆறுதல். கடற்கரை விற்பவர்கள் கொஞ்சம் இந்தப் பக்கம் வந்து பார்க்கலாம்.

காந்தத் தூண்டலிலும் ஒரு இடைவெளி இருக்கிறது. ஸ்டான்ஃபோர்டில் நோலன் வில்லியம்ஸ் குழு உருவாக்கி 2022இல் அனுமதி பெற்ற துரித முறையில், ஐந்தே நாளில், நாளொன்றுக்குப் பத்து அமர்வு. ஒவ்வொரு அமர்வுக்கும் இடையில் ஏறக்குறைய ஐம்பது நிமிடக் காத்திருப்பு. வாரக்கணக்கில் வந்துபோக முடியாத கரீம்நகர், நல்கொண்டா நோயாளிக்கு இந்த முறை ஏற்றது. ஒரு வாரம் தங்கி முடித்துவிடலாம். ஆனால் நாள் முழுக்க மருத்துவமனைச் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பது ஆரோக்கியமானவரையே சோர்த்துவிடும். தலையில் சுருள் இல்லாத அந்த ஐம்பது நிமிடத்தில் ஹெட்செட் இருக்கட்டும். வலிப்பைக் கவனிக்கும் அவசரம் அப்போது இல்லை; தலையைத் தாராளமாகத் திருப்பலாம். கண்ணில் ஓடுவது பலனை மாற்றுமா என்ற கேள்வி மட்டும் அப்போதும் பாக்கி நிற்கும்.

முதல்முறை வருபவரின் பயத்துக்கும் ஹெட்செட் உதவும் என்பார்கள். சென்னையில் ஒருவரைக் கேலி செய்யக் கீழ்ப்பாக்கத்தை இழுப்பது போல ஹைதராபாத்தில் எர்ரகட்டாவை இழுப்பார்கள். அரசு மனநல மருத்துவமனை அங்கே இருப்பதுதான் காரணம். இன்று அந்தப் பெயரில் மெட்ரோ நிலையம் ஒன்றும் வந்துவிட்டது, கேலி போகவில்லை. அந்தப் பயத்தோடு வரும் குடும்பத்துக்குச் சிகிச்சை அறையை முன்கூட்டியே காட்டுவது நல்ல காரியம். ஆனால் அதற்குத் தெலுங்கிலும் தக்கனி உருதுவிலும் எடுத்த ஐந்து நிமிட வீடியோ, வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதும்.

ஆகவே தூண்டல் நடக்கும் நேரத்தில் ஹெட்செட்டை வழக்கமாக்குவதை நான் ஏற்கவில்லை. வலி மிகுதியாகச் சொல்பவருக்கு முதல் வாரத்தில் முகத்தை மறைக்காத திரை, அவரே தேர்ந்த படம், பொறுமையான டெக்னீஷியன். அதுவும் போதாதென்றால் மட்டும், ஆய்வின் பகுதியாக, எழுத்துப்பூர்வச் சம்மதத்தோடு ஹெட்செட். பில்லில் அதற்கென்று தனி வரி இருக்கக்கூடாது. ஆய்வு செய்கிறவர்கள் மூன்று குழு வைக்க வேண்டும்: ஹெட்செட், சாதாரணத் திரை, எதுவும் இல்லாதவர்கள். சிகிச்சை முடிந்த அன்றும் மூன்று மாதம் கழித்தும் மனச்சோர்வு அளவுகோலில் எண் எவ்வளவு இறங்கியது என்று, யார் எந்தக் குழு என்று அறியாத ஒருவரைக் கொண்டு அளக்க வேண்டும். எத்தனை பேர் எல்லா அமர்வுக்கும் வந்தார்கள் என்று எண்ண வேண்டும். நிம்மதியாக இருந்ததா என்பதைக் கடைசியில் கேட்டுக்கொள்ளலாம். கருவியை எர்ரகட்டாவுக்குக் கொண்டுபோய் இந்த ஆய்வை நடத்தினால் இன்னும் நல்லது. அங்கே வருபவர்களிடம் யாரும் எதையும் விற்க வேண்டியதில்லை என்பதால், எண்களும் நேராக வர வாய்ப்பு அதிகம்.